வயர் மாற்றினால் பாட்டு மாறுமா?

இணையம் பூட்டிக் கொடுக்கும் கடையை விட்டு வந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. சந்தையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நிற்பேன், கலியாண வீட்டில் சாப்பாட்டுக் கோப்பையோடு நிற்பேன், யாராவது வந்து தோளில் தட்டுவார்கள். "அண்ணை, உந்த ரவுட்டரை மாத்தினா பாட்டு இன்னும் நல்லாக் கேக்குமோ?" கேட்காது என்பேன். நம்பமாட்டார்கள். லண்டனில் இருக்கும் மச்சான் கேட்கும் என்று சொன்னாராம். அப்படியென்றால் என்னிடம் ஏன் ஐயா கேட்கிறீர்? மச்சானிடமே கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே!

இப்போது கடையை நடத்தும் நீங்கள், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சொல்லி என் பிடரியில் ஏறி இருக்கிறீர்கள். எனக்கு எழுதுகிற உற்சாகமெல்லாம் இல்லை. ஏணியில் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்துவிட்டது. வெயிலுக்குள் மோட்டார் சைக்கிளில் திரிந்து முதுகும் போய்விட்டது. ஆனாலும் பிள்ளைகளே, நாளைக்கு உங்களிடமும் இதே கேள்வியைத்தான் கேட்கப்போகிறார்கள். ஆகவே ஒருமுறை ஒழுங்காகச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நெட்வேர்க் என்பது பாட்டு வீட்டுக்கு வருகிற வழி. தபால்காரர் சைக்கிளில் வந்தாலென்ன, மோட்டார் சைக்கிளில் வந்தாலென்ன, கடிதத்தில் எழுத்து மாறாது. கடிதம் வழியில் தொலைந்தால்தான் பிரச்சினை. வல்வெட்டித்துறையில் ஒரு பழைய கல்வீடு, சுவர் ஒவ்வொன்றும் முழ அகலம். வைஃபை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகாது. பாட்டு விக்கி விக்கி வரும். வயர் இழுத்துக் கொடுத்தோம், விக்கல் நின்றது. "இப்பதான் தம்பி குரலிலை ஒரு இனிமை வந்திருக்கு" என்றார் வீட்டுக்காரர். இனிமையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெட்டுப்படாமல் வந்தது, அவ்வளவுதான். வெட்டுக்கு வயர் மருந்து. இனிமைக்கு வயரில் மருந்து கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

ஆனால் ஒரேயொரு வீட்டில் வயரை மாற்றியதால் பாட்டு உண்மையாகவே மாறியது. நன்றாக வரவில்லை, கெட்டுப்போனது. அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்த வீடு தெல்லிப்பழையில் ஓர் ஒழுங்கையின் முடிவில் இருந்தது. வீட்டுக்கார அம்மாவை ஊர் முழுக்க ரீச்சர் என்றுதான் கூப்பிடும். மிஷன் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தங்கள் தேவாலயத்துக் குவயரை, அதாவது பாடகர் குழுவை, இளம் வயதிலிருந்து அவர்தான் நடத்தி வந்தார். அவருடைய கணவர் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். அவரை ஐயா என்று சொல்கிறேன். ஐயாவுக்குப் பேச்சு குறைவு, நீரிழிவு என்கிற சீனி வருத்தம் கூட. ஒரே மகன் ஜெயன் ரொறன்ரோவில்.

ஜெயன் கடைசியாக ஊருக்கு வந்தபோது இரண்டு காரியம் செய்தான். கிணற்றடிப் பாசியில் அப்பாவோ அம்மாவோ வழுக்கி விழுந்துவிடுவார்கள் என்று பயந்து, வீட்டுக்குள்ளேயே குளியலறை கட்டி, சுடுதண்ணீருக்கு ஹீட்டரும் பூட்டிக் கொடுத்தான். அம்மாவின் ஆசைக்கு, இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஒரு கருவியும் அம்பிளிபயரும் ஸ்பீக்கர்களும் வாங்கி ஹோலில் வைத்தான். அன்றிலிருந்து பொழுதுபடும் நேரத்தில் ரீச்சர் தன் கதிரையில் இருந்து எந்தெந்த நாட்டுப் பாடகர் குழுக்களையெல்லாமோ கேட்பார். கேட்டு, தன் குழுவுக்கு எது சரிவரும் என்று யோசிப்பார். அந்த நேரத்தில் ஐயா குளிக்கப் போவார்.

அந்த வீட்டுக்கு இணையம் கொடுத்தது நாங்கள்தான். முற்றத்து மாமரம் சிக்னலை மறைத்ததால் வாசல் படலையடியில் ஒரு கம்பம் நட்டு, அதில் அன்ரனாவைப் பூட்டி, அங்கிருந்து ஹோலுக்கு வயர் இழுத்தோம். சித்திரை இடியில் ரவுட்டர் கருகிப்போனது. பிறகு மின்னல் நிலத்துக்குள் இறங்கட்டும் என்று கம்பத்தடியில் ஓர் இரும்புக் கம்பியை ஆழமாக அடித்து இணைத்துவிட்டோம். இந்தக் கம்பியை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

அதுவரை ஒரு குறையும் இல்லை. பிறகு ஜெயனுக்கு அங்கே உள்ள சிநேகிதர்கள் யாரோ புத்தி சொன்னார்கள். நல்ல பாட்டுக் கருவிக்கு நல்ல நெட்வேர்க் வயர் வேண்டுமாம். விரல் தடிப்பில், மொத்தமான ஒரு வயர் பார்சலில் வந்து இறங்கியது. இரண்டு முனையிலும் உலோகத் தலை, உள்ளே முழுக்க உலோக வலையால் உறை. கம்பத்திலிருந்து ஹோலுக்கும், அங்கிருந்து பாட்டுக் கருவிக்கும் இதைத்தான் போட வேண்டும் என்றான்.

"தம்பி, உதாலை ஒரு வித்தியாசமும் வராது" என்று தொலைபேசியில் சொன்னேன்.

"பரவாயில்லை அண்ணை, நீங்கள் பூட்டுங்கோ. அம்மாவுக்கு நல்லதாக் கேக்கட்டும்."

பூட்டினோம். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு வாங்கி அனுப்புவதைத் தவிர வேறு என்னதான் செய்ய முடியும், பாவம். அப்படியான வீடுகள் உங்களுக்கும் நிறைய வரும். அந்தப் பிள்ளைகளோடு சண்டை பிடிக்காதீர்கள்.

சில கிழமைகள் போயிருக்கும். ரீச்சர் கடைக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, பாட்டுக்கு அடியிலை ஏதோ ஒண்டு கிடந்து முனகுது."

காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு முனகலும் இல்லை. இணையத்தின் வேகத்தை அளந்தேன், தாராளமாக இருந்தது. திரும்பவும் கூப்பிட்டார். திரும்பவும் போனேன், திரும்பவும் ஒன்றுமில்லை. "பகலிலை இல்லைத் தம்பி, பொழுதுபடேக்கைதான்" என்றார். கடையை ஐந்து மணிக்குப் பூட்டுகிறவர்களுக்குப் பொழுதுபடும் நேரத்து முனகல் எப்படிக் கேட்கும்? அந்த நேரத்தில் ஊரெல்லாம் விளக்குப் போடுவதால் மின்சாரம் கொஞ்சம் ஏறி இறங்கும் என்று, எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற சமாதானத்தைத்தான் நானும் சொன்னேன். ஜெயன் ஒரு கனத்த இரும்புப் பெட்டி அனுப்பினான், நெட்வேர்க்கைச் சுத்தப்படுத்துமாம். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்க இன்னொரு பெட்டி. ஒவ்வொன்றையும் பூட்டி முடிய வீடியோவில் வந்து, "இப்ப எப்பிடி அம்மா?" என்று ஆவலோடு கேட்பான். ரீச்சருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "அப்பிடியேதான் ராசா" என்பார். அவன் முகம் வாடிப்போகும்.

இதற்குள் கதை வெளியே போய்விட்டது. ரீச்சருக்குக் காது இரைகிறதாம், இல்லாத சத்தமெல்லாம் கேட்கிறதாம். பாட்டுப் பயிற்சியில் அவர் வழமைபோல் கையை உயர்த்தி, "ஆரோ ஒராள் சுருதி இறங்குது" என்று நிறுத்தினால், முன்பு எல்லோரும் தங்களைத் திருத்திக்கொள்வார்கள். இப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போதகர் இளம் ஆள், நல்ல மனிதர். ஒரு பிஸ்கட் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, "நீங்கள் எவ்வளவோ காலம் செய்திட்டியள் ரீச்சர். கிறிஸ்மஸ் பாட்டை இந்த முறை வேறை ஆரும் எடுக்கட்டும். இனி நீங்கள் ஓய்வாயிருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மனிதரிடமிருந்து வாழ்நாள் வேலையைப் பிஸ்கட் கொடுத்து வாங்கிக்கொண்டு போவதை அன்றைக்குத்தான் நான் கேள்விப்பட்டேன்.

அந்தக் கிழமை ஜெயன் எனக்கு எடுத்தான். இன்னுமொரு பெட்டி வருகிறதாம். எனக்குக் கோபமே வந்துவிட்டது. இதை இன்றைக்கு ஒரேயடியாக முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அவன் அனுப்பிய மொத்த வயரைக் கழற்றி எறிந்துவிட்டு, பழையபடி எங்கள் சாதாரண வயரைப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு சுருளைப் பைக்குள் வைத்துக்கொண்டு கோப்பாயிலிருந்து வெளிக்கிட்டேன். வழியில் வேறு வேலை இழுத்ததால் நான் போய்ச் சேரப் பொழுதுபட்டுக்கொண்டிருந்தது.

ரீச்சர் விறாந்தையில் சும்மா இருந்தார். வீட்டுக்குள் பாட்டுச் சத்தம் இல்லை.

"என்ன ரீச்சர், இண்டைக்குப் பாட்டுப் போடேல்லையே?"

"போட்டு என்ன தம்பி? எனக்குக் காது போச்சுது. ஞாயிற்றுக்கிழமையோடை குவயரைக் குடுத்திடப் போறன். போதகரிட்டையும் சொல்லியாச்சு."

"டொக்டரிட்டைக் காட்டினனீங்களே?"

"காட்டினன். வயசுக்குக் காது நல்லாத்தான் இருக்கு எண்டார். வயசுக்கு எண்டால் என்ன அர்த்தமெண்டு எனக்கு விளங்காதே?"

சொல்லிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று விளங்கியது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

ஐயா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். தந்துவிட்டு விரல்களை உதறி உதறிப் பிசைந்துகொண்டு நின்றார்.

"விரலுக்கு என்னையா?"

"சீனி, தம்பி. முந்திக் காலிலை இருந்தது, இப்ப கைக்கும் ஏறியிட்டுது. பின்னேரத்திலை விறுவிறு எண்டு ஊருது."

நான் தலையாட்டிவிட்டுப் பையிலிருந்து வயரை எடுத்தேன். கழற்றிப் பூட்டக் கால் மணித்தியாலம் போதும். ஆனால் மாற்றுவதற்கு முன் அந்த முனகலை ஒருமுறையாவது கேட்கவேண்டும் என்று தோன்றியது. இதைப் பெரிய பொறுப்புணர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். கேட்காமல் மாற்றினால், போய்விட்டதா இல்லையா என்று தெரியாது. தெரியாவிட்டால் திரும்பவும் வரவேண்டும். திரும்ப வர என் முதுகுக்கு ஏலாது, அவ்வளவுதான் விஷயம்.

"ரீச்சர், மாத்தமுன்னம் ஒருக்காப் போடுங்கோ. நான் இண்டைக்கு அவசரப்படாமல் ஆறுதலாத்தான் போவன்."

மனமில்லாமல் வந்து ஒரு கீதத்தைப் போட்டார். தெளிந்த தண்ணீர்போல வந்தது. "நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"பொறுங்கோ" என்றார்.

ஐயா தோளில் துவாயோடு எங்களைக் கடந்து போனார். "இஞ்சாரும், நான் குளிச்சிட்டு வாறன்." குளியலறைக் கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரம் பாட்டு அப்படியே போனது. பிறகு ரீச்சர், பாடகர் குழுவை நிறுத்துவது போலக் கையை உயர்த்தினார்.

"வந்திட்டுது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் பாட்டை நிறுத்தினார். நான் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தேன். இருந்தது. மெல்லிய, விடாத ஒரு முனகல்.

"கேக்குதே?"

"ஓம் ரீச்சர், கேக்குது."

என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "உண்மையாவோ? எனக்காகச் சொல்லேல்லையே?"

"ஐயோ, இல்லை ரீச்சர். கேக்குது."

அவர் ஓடிப்போய் மூலையில் இருந்த பியானோவைத் திறந்து, இடது பக்கத்தில் ஒரு கட்டையை அழுத்தினார். "இது ஜீ. அது இதுக்கு ஒரு மயிரிழை மேலை. ஒரு நாளும் மாறாது, எப்பவும் அந்த ஒரே சுரம்தான்."

அது எனக்குத் தெரிந்த சுரம். நான் வேலை பழகியது வீதியோரத்து ட்ரான்ஸ்போமர்களுக்குக் கீழே. மின்சாரம் எங்கள் நாட்டில் எங்கே முனகினாலும் அந்தச் சுரத்தில்தான் முனகும். நெட்வேர்க் முனகாது, பாட்டும் முனகாது. அது ஓடக்கூடாத இடத்தில் ஓடும் கரண்ட். ஜெயன் அனுப்பிய இரும்புப் பெட்டியை விரலின் பின்பக்கத்தால் தொட்டேன். சுள்ளென்று அடித்தது.

"எப்பவும் இந்த நேரத்திலையோ வாறது?"

"ஓம். அவர் குளிக்கப் போனாப்பிறகு வரும். அவர் வெளியிலை வர நிண்டிடும். அதுதான் தம்பி, எனக்குப் பயித்தியம் கியித்தியம் பிடிச்சிட்டுதோ எண்டுகூட..."

அவர் சொல்லி முடிக்கும்வரை நான் நிற்கவில்லை.

இந்த இடத்தை மட்டும் கவனமாகக் கேளுங்கள், பிள்ளைகளே. அந்த நொடியில் செய்வதற்கு மூன்று காரியங்கள் இருந்தன. ஒன்று, கைக்கெட்டிய தூரத்தில் இருந்த அந்த மொத்த வயரைப் பிடுங்குவது. பிடுங்கினால் முனகல் நிற்கும். அதற்காகத்தானே என்னைக் கூப்பிட்டார்கள்? இன்னொன்று, குளியலறைக் கதவைத் தட்டிக் கத்துவது. கத்தினால் உள்ளே நிற்கிறவர் என்ன செய்வார்? என்னவோ என்று பதறி, ஈரக் கையால் குழாயைப் பூட்டப் போவார். ஆகவே மூன்றாவது காரியமாக, வாயைத் திறக்காமல் விறாந்தைக்கு ஓடி, வீட்டின் மெயின் சுவிச்சை நிறுத்தினேன். முழங்கால் நோவு அந்த ஓட்டத்தில் மறந்துபோனது. முதலில் மெயின், பிறகு கதை. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

விளக்கு போனது, மின்விசிறி ஓய்ந்தது. குளியலறைக்குள்ளிருந்து ஐயாவின் குரல் வந்தது. அவ்வளவு உரக்க அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ஆரது கரண்டை நிப்பாட்டினது? எனக்குக் கண்ணுக்கை சவுக்காரம்!"

"ஐயா, பைப்பைத் தொடாதேங்கோ! அப்பிடியே வெளியிலை வாங்கோ!"

"என்னண்டு வாறது? உடம்பெல்லாம் நுரை!"

"நுரையோடை வாங்கோ!"

துவாயைச் சுற்றிக்கொண்டு, தலையில் நுரையோடு வந்து கதிரையில் இருந்தார். ரீச்சர் சேலைத் தலைப்பால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டார். நான் கேட்டேன், "ஐயா, உந்த விறுவிறுப்பு உங்களுக்குப் பைப்பைப் பிடிக்கேக்கைதானே வாறது?"

"ஓம். பைப்பைத் திறக்கேக்கையும் பூட்டேக்கையும்."

"எப்ப தொடக்கம்?"

"உந்தப் புதுப் பாத்ரூமுக்கு வந்தாப்பிறகு..." என்றவர், வசனத்தை விட்டுவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தார். ரீச்சருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. "கர்த்தரே!" என்று தரையிலேயே இருந்துவிட்டார். நான் எடுத்த வயரைத் திரும்பவும் பைக்குள் வைத்தேன். மிச்சத் தேத்தண்ணியைக் குடிக்க முடியவில்லை.

அடுத்த நாள் காலை ஒரு மின்வேலைக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் திறந்து பார்த்தோம். ஹீட்டருக்குள் மின்சாரம் தண்ணீருக்குக் கசிந்துகொண்டிருந்தது. கசிந்தால் உடனே விழுந்து வீட்டைக் காப்பாற்ற வேண்டிய ட்ரிப் சுவிச்சுக்கு என்ன நடந்தது என்று கேட்டோம். அது பின்னேரங்களில் அடிக்கடி விழுந்து ஐயாவின் குளிப்பைக் குழப்பியதாம். யாரோ ஒருவர் வந்து, "உது பழசாப்போச்சு" என்று சொல்லி, அதைச் சுற்றி நேரடியாக வயர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். காப்பாற்றக் கத்தியதை வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

அதுவும் போகட்டும். கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்க ஏர்த் கம்பி இருக்கவேண்டுமே? இருந்தது. எங்கள் பக்கத்து நிலம் கல்லும் வறட்சியும். அதனால் பழைய வேலைக்காரர்கள் ஏர்த் கம்பியைக் கிணற்றடி வாழைக்குள்தான் இறக்குவார்கள். வீட்டாரெல்லாம் கிணற்றடியில் குளிக்க, அந்தத் தண்ணீர் வாழைக்கு ஓட, கம்பி எப்போதும் ஈரத்தில் நிற்கும். இந்த வீட்டிலும் அப்படித்தான். ஆனால் குளியலறை வீட்டுக்குள் போன நாளிலிருந்து கிணற்றடியில் யாரும் குளிக்கவில்லை. வாழை காய்ந்து சருகாகிப்போய் நின்றது. கம்பியைச் சுற்றி மண் புழுதியாக இருந்தது. மகன் அக்கறையோடு கட்டிய குளியலறைதான் வீட்டின் ஏர்த்தைக் கொன்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் இப்படி எத்தனை வீடோ, நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்படியானால் இவ்வளவு நாளும் கசிந்த மின்சாரம் எங்கே போனது? அது ஹீட்டரிலிருந்து வீட்டின் ஏர்த் வயருக்குள் ஏறி, அங்கே இறங்க வழியில்லாமல் அம்பிளிபயருக்கு வந்து, ஜெயன் அனுப்பிய மொத்த வயரின் உலோக உறை வழியாக ஓடி, படலையடியில் நாங்கள் மின்னலுக்கு அடித்த கம்பியால் நிலத்துக்குள் இறங்கியது. போகும் வழியில்தான் ரீச்சரின் பாட்டுக்கு அடியில் முனகியது. அந்த வீட்டுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஏர்த் அந்த வயர்தான். மெல்லிய வழி, முழுவதையும் இறக்காது. ஆனாலும் ஐயாவுக்கு விறுவிறுப்போடு போனது அதனால்தான். நான் அதைப் பிடுங்கிவிட்டு எங்கள் சாதாரண வயரைப் போட்டிருந்தால் முனகல் போயிருக்கும். பாட்டு அருமையாக வந்திருக்கும். ரீச்சர் எனக்கு நன்றி சொல்லியிருப்பார். ஐயா அடுத்த முறை குழாயைத் தொட்டிருப்பார்.

ஆகவே முறைப்பாடு வந்தால் சத்தத்தை நிறுத்தப் போகாதீர்கள், அது ஏன் வருகிறது என்று முதலில் பாருங்கள். அதுவும் உங்கள் நேரத்தில் அல்ல, அது வருகிற நேரத்தில் போய்ப் பாருங்கள். இதைக் கடையில் நூறுதரம் சொல்லியிருப்பேன். ஐந்து மணிக்குப் பிறகு போக யாருக்கும் விருப்பமில்லை.

ஹீட்டரைக் கழற்றினோம். புது ட்ரிப் சுவிச் வந்தது. கிணற்றடியில் புதுக் கம்பி ஆழமாக இறக்கி, எல்லாம் அளந்து சரியென்றான பிறகுதான் மொத்த வயரைக் கழற்றி எங்கள் வயரைப் போட்டேன். ஐயா திரும்பவும் கிணற்றடியில் குளிப்பதாகச் சொன்னார். வழுக்காமல் இருக்கச் சீமெந்தைக் கொத்தி விட்டால் போதுமாம்.

அந்த வேலை நடக்கும்போது இரண்டு பேரும் விறாந்தையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். ரீச்சர் திடீரென்று கேட்டார், "இஞ்சாருங்கோ, நீங்களும் என்ரை காது பழுது எண்டுதானே நினைச்சனீங்கள்?"

ஐயா கொஞ்சம் யோசித்தார். "நீரும் என்ரை சீனி எண்டுதானே நினைச்சனீர்?"

"நானும் என்ரை காது எண்டுதான் நினைச்சனான்" என்றார் ரீச்சர்.

"நானும் சீனியெண்டுதான்" என்றார் ஐயா.

இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரிப்பு நடுவில் அழுகையாக மாறியது. வீட்டில் இருந்த பழுதையெல்லாம் தங்கள் உடம்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, வயசு வயசு என்று பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

மகன் எடுத்தபோது ஐயாவுக்குப் பதற்றம். "ஹீட்டர் கதையைச் சொல்லாதையும், பொடியன் நொந்துபோவான்" என்று ரகசியமாகச் சொன்னார். ரீச்சருக்குத்தான் பொய் வராதே. தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தார். பிறகு சொன்னார், "ஜெயன், அப்பாவுக்குப் பாத்ரூமிலை கரண்ட் அடிக்கப் பாத்தது. நீ அனுப்பின வயராலைதான் ராசா அப்பா இண்டைக்கு உயிரோடை இருக்கிறார்."

அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. முழுக் கதையையும் அவர் ஆறுதலாகச் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசியில் அவன் என்னைக் கேட்டான். "அண்ணை, இப்ப பூட்டியிருக்கிற வயர் ஆர் செய்தது?"

"சும்மா வயர் தம்பி. கடையிலை கிடந்தது."

"சவுண்ட்?"

"அம்மாவைக் கேளும்."

ரீச்சர் கீதத்தைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பொழுதுபடும் நேரம். ஐயா கிணற்றடியில் தண்ணீர் அள்ளி ஊற்றும் சத்தம் கேட்டது. "இல்லை" என்றார். "முனகல் போட்டுது. ஒண்டும் இல்லை." பிறகு, "அப்ப எனக்குக் காது இருக்குத் தம்பி" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை முடிந்து திங்கள் காலை போதகர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணை, ரீச்சர் நேற்றுக் குவயரைக் குடுக்கேல்லை. பாட்டை நடுவிலை நிப்பாட்டிப்போட்டு, எங்கடை அம்பிளிபயரிலையும் ஒரு ஜீ முனகல் இருக்காம் எண்டு சொல்லுறா. நீங்கள் வந்து பாக்குமட்டும் ஒருத்தரும் மைக்கைத் தொடக்கூடாதாம். எங்களுக்கெண்டால் ஒண்டும் கேக்கேல்லை. ரீச்சரின்ரை காது..." அவர் அந்த வசனத்தை முடிக்கவில்லை.

"பாட்டுப் போற நேரத்திலை வாறன்" என்றேன்.

அடுத்த பயிற்சி நாளன்று, நொந்த முழங்காலோடு தேவாலயத்துப் படிகளில் ஏறினேன். பாடகர் குழு வரிசையாக நின்றது. போதகர் ஒரு பக்கம் நின்றார். ரீச்சர் முன்னால், தன் இடத்தில் நின்றார். நான் கரண்ட் பார்க்கும் டெஸ்டரை எடுத்து மைக்கின் உலோகத்தில் வைத்தேன். டெஸ்டரின் விளக்கு எரிந்தது.